நார்வே மூதாதையர் ஏறிய கப்பல் எது? பயணிகள் பட்டியலில் தேடும் முறை

1825-க்கும் 1925-க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் நார்வேயிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்த இடம் நார்வேக்குத்தான். போனவர்களைப் பற்றிய ஏடுகள் கடலின் இரு கரையிலும் ஏராளமாக உள்ளன. ஆனால் ஒரே ஆள் ஓர் ஏட்டில் ஒரு பெயரிலும் இன்னோர் ஏட்டில் வேறு பெயரிலும் இருப்பார், கப்பலும் மாறியிருக்கும்.

முதலில் பெயர். நார்வே கிராமங்களில் குடும்பப் பெயர் என்று நிலையாக ஒன்று இருக்கவில்லை. அன்டெர்ஸின் மகன் ஓலெ, 'ஓலெ அன்டெர்சென்'. அவருடைய மகன் ஹான்ஸ், 'ஹான்ஸ் ஓல்சென்'. தந்தை பெயரைத் தலைமுறைதோறும் மாற்றி எழுதும் தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. இதோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் சேரும்; வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறிவிடும். அமெரிக்கா போனபின் சிலர் தந்தை பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரை. நிலையான குடும்பப் பெயரை நார்வே சட்டம் கட்டாயமாக்கியது 1923-இல்தான். எனவே பெயரை மட்டும் நம்பித் தேடினால் நூறு ஓலெக்கள் வந்து நிற்பார்கள். பிறந்த ஆண்டு, ஊர், பண்ணை ஆகியவற்றில் இரண்டேனும் கையில் இருக்க வேண்டும்.

இவற்றை அமெரிக்கப் பக்கத்திலிருந்தே திரட்டத் தொடங்குவது நல்லது. 1900, 1910, 1920 கணக்கெடுப்புகளில் குடியேறிய ஆண்டு கேட்கப்பட்டது. பலர் நினைவிலிருந்து சொன்ன விடை என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம். 1906-க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் கப்பல் பெயரும் வந்திறங்கிய நாளும் உண்டு. பிறந்த ஊரை அறிய நார்வேஜிய லூத்தரன் தேவாலயப் பதிவேடுகளைப் பார்ப்பது பலன் தரும்.

நார்வேப் பக்கத்தில் முதன்மையான ஆவணம், புறப்படும் துறைமுகத்தின் காவல்துறை எழுதிவந்த குடிபெயர்வோர் பதிவேடு. முகவர்களிடம் ஏழைப் பயணிகள் ஏமாறாமல் இருக்க அவர்களின் பயண ஒப்பந்தங்களைக் காவல்துறை சரிபார்த்தது. அதன் பயனாகக் கிடைத்ததே இந்த ஏடு. பெயர், வயது, தொழில், ஊர், போகுமிடம், புறப்படும் நாள் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். இன்றைய ஆஸ்லோவான கிறிஸ்தியானியாவிலும் ட்ரோண்ட்ஹெய்மிலும் 1867 முதலும், பெர்கனில் 1874 முதலும் பதிவுகள் உள்ளன. ஸ்டவாங்கரின் பழைய பதிவேடுகள் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றை நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் 'டிகிட்டால்ஆர்கிவெட்' தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இங்கேதான் பலர் தடம் தவறுகிறார்கள். நார்வே ஏட்டில் இருக்கும் கப்பல் பல நேரங்களில் அட்லான்டிக்கைக் கடந்த கப்பல் அல்ல. நீராவிக் கப்பல் காலத்தில் பெரும்பாலோர் வில்சன் நிறுவனக் கப்பலில் வடகடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயிலில் லிவர்பூல் போய், ஆலன், குனார்டு, ஒயிட் ஸ்டார் போன்ற நிறுவனங்களின் பெரிய கப்பலில் ஏறினார்கள். 'டாஸ்ஸோ', 'ரோலோ' என்று ஓகாரத்தில் முடியும் பெயர் கண்ணில் பட்டால் அது வில்சன் கப்பலாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தப் பெயரை நியூயார்க் பட்டியலில் தேடுவது வீண்வேலை. புறப்பட்ட நாளிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் நியூயார்க், பாஸ்டன், கியூபெக் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களைப் பார்க்க வேண்டும். நேரடிப் பயணமும் இல்லாமல் இல்லை: 1880 முதல் டென்மார்க்கின் திங்வல்லா நிறுவனமும், 1913 முதல் நார்வீஜியன் அமெரிக்கா லைனும் கப்பல் விட்டன.

அமெரிக்கா வந்திறங்குவோரின் பட்டியல் 1820 முதல் சட்டப்படி கட்டாயம். தொடக்ககாலப் பட்டியல்களில் பெயர், வயது, தொழில், நாடு தவிர அதிகம் இராது. 1893-க்குப் பின் கடைசியாக வசித்த ஊரும், யாரிடம் போகிறார் என்பதும் சேர்ந்தன. 1907 முதல் தாய்நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் கேட்கப்பட்டது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலைய அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற குடும்பக் கதைக்கு ஆதாரம் மெலிவு. பட்டியலைப் புறப்படும் துறைமுகத்தில் எழுதியது கப்பல் நிறுவனம்; எல்லிஸ் தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். எழுத்துப் பிழை வேறு விஷயம்: நார்வே மொழிக்கே உரிய உயிரெழுத்துகள் ஆங்கில எழுத்தர் கையில் சிதைந்தன. அதனால் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும்.

பாய்மரக் காலத்தவரைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 1850 முதல் பெரும்பாலான நார்வேக் கப்பல்கள் கியூபெக்குக்கே போயின. ஆளை இறக்கிவிட்டு மரம் ஏற்றித் திரும்புவது லாபம். கியூபெக்கில் 1865-க்கு முந்தைய முறையான பட்டியல்கள் கிடையாது. அந்தக் காலத்தவருக்குத் துணை, நார்வே தேவாலயப் பதிவேட்டில் ஊரை விட்டுப் போனோருக்கான பக்கங்கள். போதகரிடம் சான்று வாங்கியவரின் பெயரும் நாளும் அதில் இருக்கும், கப்பல் பெயர் இராது. பண்ணைவாரியாகக் குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லும் 'பிக்டெபோக்' என்ற வட்டார நூல்களிலும் இன்னார் அமெரிக்கா போனார் என்ற குறிப்பு கிடைப்பதுண்டு. நார்வேயின் 1865, 1875 கணக்கெடுப்புகளில் முன்னதில் இருந்து பின்னதில் காணாமல் போன ஆளுக்கு மரணப் பதிவும் இல்லையென்றால், தேட வேண்டிய காலம் பத்தாண்டாகச் சுருங்கிவிடும்.