சொந்தப் பாட்டுக்கு ஒரு மேடை

ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் இல்லாத இசைக் குழுக்கள் நகரத்து அரங்குகளில் இடம் பிடிப்பது எப்படி?

நான்கு இளைஞர்கள், இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், சொந்தமாக எழுதிய எட்டுப் பாடல்கள். பெங்களூரிலோ ஷில்லாங்கிலோ இப்படி ஒரு குழு தொடங்குவது சுலபம். அதற்கு மேடை கிடைப்பதுதான் பெரும்பாடு. சினிமாப் பாட்டு கோலோச்சும் நாட்டில் ரெக்கார்டு கம்பெனிகள் இவர்களைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். நேரடி இசை நடத்தும் பப்களும் உணவகங்களும் சிறு அரங்குகளும்தான் கதி. அங்கே ஒப்பந்தம் இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேர் வருவார்கள்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாடகை, ஒலிப்பதிவாளர், ஊழியர் சம்பளம், உரிமக் கட்டணம் எல்லாமே பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையிலிருந்துதான் வந்தாக வேண்டும். மும்பை லோயர் பரேலில் பழைய மில் வளாகத்தில் 2007ல் திறந்த ப்ளூ ஃப்ராக், சொந்தப் பாடல் பாடும் குழுக்களின் கனவு மேடையாக இருந்தது. அதுவே 2016ல் மூடப்பட்டது. பெயரும் புகழும் வாடகை கட்டுவதில்லை.

ஆகவே முதல் வேலை, அரங்குக்கு ரசிகராகப் போவது. எந்த நாளில் எந்த வகை இசை, எந்த வயதுக் கூட்டம் என்று இரண்டு மாலைகளில் தெரிந்துவிடும். தில்லியில் 2015ல் தொடங்கிய பியானோ மேன் போன்ற ஜாஸ் கிளப்புக்கு ஹெவி மெட்டல் குழு விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது கடிதம். நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் மேஜையில் இத்தகைய விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். குழுவின் வரலாறு அவருக்குத் தேவையில்லை. இரண்டு பாடல்கள், மேடையில் எடுத்த ஒரு சிறு வீடியோ, எத்தனை பேர், என்னென்ன வாத்தியம், எத்தனை மைக், எந்தத் தேதிகள் வசதி ஆகியவை போதும். ஸ்டுடியோவில் மெருகேற்றிய பதிவைவிட, சுமாரான மேடைப் பதிவு அவருக்கு அதிகம் சொல்லும். சனிக்கிழமை கேட்டால் கிடைக்காது. கூட்டம் குறைந்த செவ்வாய், புதன் கேட்டால் கதவு திறக்க வாய்ப்புண்டு.

பக்கத்துக் கதவுகளும் உண்டு. பிரபலமான குழுவுக்கு முன் அரைமணி நேரம் வாசிப்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற 'ஓபன் மைக்' மாலைகள் இன்னொன்று. கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகளும், மும்பையில் 1986ல் தொடங்கிய இன்டிபென்டன்ஸ் ராக் போன்ற விழாக்களும் பல குழுக்களை வளர்த்திருக்கின்றன. தில்லியின் பரிக்கிரமா 1991ல் தொடங்கிய குழு. ஆல்பத்தை நம்பாமல் தன் பாடல்களை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது. மேடை மேடையாக ஏறியே, 2007ல் இங்கிலாந்தின் டவுன்லோடு விழாவரை போய்ச் சேர்ந்தது.

பண விவகாரத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் நிர்ணயித்த தொகை. சில இடங்களில் நுழைவுக் கட்டணத்தில் பங்கு. சில இடங்களில் இரவுச் சாப்பாடு மட்டும். எதுவானாலும் தேதி, நேரம், தொகை, ரத்தானால் என்ன என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆனால் உண்மையான இழுபறி பாட்டில்தான். அழைக்கும்போதே, தெரிந்த பாட்டு பாடுவீர்களா என்ற கேள்வி வரும். இது பழைய வழக்கம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப், 1960களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்பிலும் பிறகு கொல்கத்தா டிரிங்காஸிலும் பாடிய காலத்திலும் இரவு விடுதிகளில் ஒலித்தவை ஊரறிந்த பாடல்கள்தான். பல குழுக்கள் இன்றும் பாதிக்குப் பாதி என்று சமரசம் செய்துகொள்கின்றன. பிறர் பாடல்களே பாடினால் மாலை நிரம்பும்; குழுவின் பெயர் யார் மனதிலும் நிற்காது.

சட்டமும் குறுக்கே வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பெங்களூரில் நேரடி இசைக்கு உரிமம் கேட்கும் 2005ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. அந்த ஆண்டே பல பப்களில் மேடைகள் மௌனமாயின. தேதி கிடைத்த குழு உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது தற்காப்பு.

முதல் வாய்ப்பு சிபாரிசில் கிடைக்கலாம். இரண்டாவது கிடைப்பது நடத்தையால்: நேரத்துக்கு வருவது, ஒலிச் சோதனையைச் சீக்கிரம் முடிப்பது, சொன்ன நேரத்தில் இறங்குவது. முதல் இரண்டு முறை நண்பர்கள் வந்து நாற்காலியை நிரப்புவார்கள். மூன்றாம் முறை முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்தால், எந்தக் கம்பெனியும் தராத ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று குழு நம்பலாம்.