கறுப்புச் சிலையின் கதை: ஃபிலிம்ஃபேர் விருதைத் திருத்திய மறுப்புகள்

இந்தி சினிமாவில் நடிகர்களும் இயக்குநர்களும் நெடுங்காலமாக ஆசைப்படும் விருது ஃபிலிம்ஃபேர். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் 'ஃபிலிம்ஃபேர்' இதழ் 1952-ல் மும்பையில் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1954 மார்ச் 21 அன்று, மும்பை மெட்ரோ திரையரங்கில் அதன் முதல் விருது விழா நடந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் திரைப்பட விமர்சகர் கிளேர் மெண்டோன்சாவின் நினைவாக, தொடக்கத்தில் இவ்விருதை 'கிளேர்ஸ்' என்றே அழைத்தார்கள்.

முதல் ஆண்டில் ஐந்தே விருதுகள். சிறந்த படம் 'தோ பீகா ஜமீன்', சிறந்த இயக்குநர் அதை எடுத்த பிமல் ராய். 'தாக்' படத்துக்காக திலீப் குமார் சிறந்த நடிகரானார். 'பைஜு பாவ்ரா' படத்துக்காக மீனா குமாரி சிறந்த நடிகையாகவும் நௌஷாத் சிறந்த இசையமைப்பாளராகவும் தேர்வானார்கள். நாடு முழுவதிலிருந்தும் 20,000-க்கும் மேற்பட்ட வாசகர்கள் வாக்களித்திருந்தார்கள். நிபுணர் குழுவின் மதிப்பீடு பின்னாளில்தான் இதோடு சேர்க்கப்பட்டது.

மத்திய அரசின் தேசிய விருதும் அதே 1954-ல்தான் பிறந்தது. ஆனால், அது முதலில் படங்களுக்கு மட்டுமே பதக்கம் தந்தது. நடிகர், நடிகைக்கான தேசிய விருதுகள் 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டன. அதுவரை ஒரு நடிகருக்கு நாடறியக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு ஃபிலிம்ஃபேர்தான். ஒரு சினிமாப் பத்திரிகையின் விருதுக்கு இத்தனை மதிப்பு சேர்ந்ததற்கு இந்தப் பதின்மூன்று ஆண்டு இடைவெளி முக்கியமான காரணம்.

இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, நடன நிலையில் நிற்கும் பெண்ணின் வெண்கலச் சிலைதான் விருது. சிற்பி என்.ஜி.பன்சாரே வடித்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநராக இருந்த ஆஸ்திரிய ஓவியர் வால்டர் லாங்ஹாமரின் மேற்பார்வையில் உருவானது. உயரம் 46.5 செ.மீ., எடை சுமார் 5 கிலோ. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நன்றியுரை பேசுவது சிரமம். உலோகத்தின் கருநிறத்தால் 'பிளாக் லேடி' என்ற செல்லப் பெயர் வந்தது. 25-வது ஆண்டில் வெள்ளியிலும் 50-வது ஆண்டில் தங்க நிறத்திலும் சிலையைச் செய்தார்கள்.

இந்த விருதின் வரலாற்றில் வாங்கியவர்களின் பட்டியலைவிட, வாங்க மறுத்தவர்களின் காரணங்களே அதிகம் சொல்லித் தருகின்றன. முதலில் மறுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். சென்னையில் பிறந்து, 1949-ல் ஏவி.எம்.மின் 'வாழ்க்கை' மூலம் திரைக்கு வந்த வைஜயந்திமாலா, பிமல் ராயின் 'தேவதாஸ்' படத்தில் சந்திரமுகியாக நடித்தார். பார்வதியாக நடித்தவர் சுசித்ரா சென். 1957 விழாவில் வைஜயந்திமாலாவைச் சிறந்த துணை நடிகை என்று அறிவித்தார்கள். தேவதாஸின் வாழ்க்கையில் பார்வதிக்கு உள்ள அதே இடம் சந்திரமுகிக்கும் உண்டு, அது துணைப் பாத்திரமல்ல என்று சொல்லி அவர் விருதை மறுத்துவிட்டார். இந்தித் திரைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு நடிகை, பெரிய பத்திரிகைக் குழுமத்திடம் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதனால் அவருக்கு நஷ்டமும் இல்லை. 'சாதனா', 'கங்கா ஜமுனா', 'சங்கம்' என்று மூன்று படங்களுக்குச் சிறந்த நடிகை விருதையே பின்னர் பெற்றார்.

அதே 1957-ல் இன்னொரு மறுப்பு. ஏவி.எம். பெயரில் வந்த 'சோரி சோரி' படத்துக்காக சங்கர்–ஜெய்கிஷன் சிறந்த இசையமைப்பாளர்களாகத் தேர்வாகியிருந்தார்கள். அந்தப் படத்தின் பாடலை விழா மேடையில் பாடும்படி லதா மங்கேஷ்கரைக் கேட்டார்கள். இசையமைப்பாளருக்கு விருது உண்டு, பாடியவருக்கும் எழுதியவருக்கும் இல்லை என்றால், நான் ஏன் பாட வேண்டும் என்பது லதாவின் கேள்வி. அவர் பாடவில்லை. 1959-ல் பின்னணிப் பாடகருக்கான விருது அறிமுகமானது. 'மதுமதி' படத்துக்காக முதலில் பெற்றவரும் லதாதான். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி விருது 1967 வரை இல்லை. ஒருவர் வாய் திறந்து கேட்ட பிறகுதான் பாடகர் என்ற கலைஞரே விருதுக்காரர்களின் கண்ணில் பட்டார்!

மூன்றாவது மறுப்பு தனக்காக அல்ல, இறந்துபோன ஒருவருக்காக. 1973-ல் 'பே-இமான்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது பிராணுக்குக் கிடைத்தது. சிறந்த இசைக்கான விருதும் அதே படத்துக்கே போனது. 'பாகீஸா' படத்துக்கு இசையமைத்த குலாம் முகமது, படம் வெளிவருவதற்கு முன்பே 1968-ல் காலமாகிவிட்டார். இசை விருது அவருக்கே சேர வேண்டும் என்று சொல்லி, பிராண் தன் விருதை வாங்கவில்லை.

தமிழ்ப் படங்களுக்கு இந்த விருதில் இடம் கிடைக்கத் தாமதமானது. 1963-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளின் சிறந்த படங்கள் தேர்வாயின. தமிழின் முதல் விருது, ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய 'நானும் ஒரு பெண்' படத்துக்கு. தொடர்ந்து 'சர்வர் சுந்தரம்', 'திருவிளையாடல்'. ஆனால், படத்துக்கு மட்டும்தான் விருது. நடிகர், நடிகை, இயக்குநருக்கான விருதுகள் 1972-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தன. சிவாஜி கணேசனின் உச்ச காலத்தில் பெரும்பகுதி, இப்படி ஒரு விருதே இல்லாமல் கழிந்தது நியாயமல்ல. அந்த முதல் ஆண்டில் 'ஞான ஒளி'க்காக சிவாஜியும், 'பட்டிக்காடா பட்டணமா'வுக்காக ஜெயலலிதாவும் பெற்றார்கள். ரஜினிகாந்த், 1984-ல் வந்த 'நல்லவனுக்கு நல்லவன்' படத்துக்காகச் சிறந்த தமிழ் நடிகர் விருதைப் பெற்றார்.

இந்தி மேடையிலோ தமிழகத்திலிருந்து போனவர்களின் வரிசை நீளமானது. 'காஜல்' படத்துக்காகப் பத்மினி சிறந்த துணை நடிகை. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானுக்கு 'கைடு' படமும், ஹேமமாலினிக்கு 'சீதா அவுர் கீதா'வும், சிவகாசிக்கு அருகே பிறந்த ஸ்ரீதேவிக்கு 'சால்பாஸ்', 'லம்ஹே' படங்களும் சிறந்த நடிகை விருது தந்தன. 'சாகர்' படத்தில் நாயகியின் காதல் ரிஷி கபூருக்குத்தான். சிறந்த நடிகர் விருது கமல்ஹாசனுக்கு. 'ரோஜா'வுக்காகத் தமிழில் விருது வாங்கிய ஏ.ஆர்.ரஹ்மான், 'ரங்கீலா' மூலம் இந்தியிலும் சிறந்த இசையமைப்பாளரானார்.

1986-ல் மும்பை திரையுலகில் நடந்த வேலைநிறுத்தத்தை ஒட்டி, 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகள் விழா நடக்கவில்லை. அந்த இடைவெளியில் வந்த 'நகினா', 'மிஸ்டர் இந்தியா' படங்களுக்காக ஸ்ரீதேவிக்கு 2013-ல்தான் சிறப்பு விருது கொடுத்தார்கள். 1990-களில் ஸ்கிரீன், ஜீ என்று போட்டி விருதுகள் வந்தன. தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்தது. மேடை நடனங்கள் பெருகப் பெருக, ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் ஓரத்துக்குப் போனார்கள். ஆமிர் கான் போன்றவர்கள் விருது விழாக்களுக்கே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

எண்ணிக்கைச் சாதனைகளைப் பொறுத்தவரை, 'மதுமதி'யின் ஒன்பது விருதுகளை 1996-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' பத்து விருதுகளுடன் தாண்டியது. 2006-ல் 'பிளாக்' பதினொன்று பெற்றது. 2020-ல் மும்பையை விட்டு குவாஹாட்டிக்குப் போன விழாவில் 'கல்லி பாய்' பதின்மூன்று விருதுகளை அள்ளியது. 2025 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த 70-வது விழாவில், கிரண் ராவ் இயக்கிய 'லாபதா லேடீஸ்' அதே பதின்மூன்றை எட்டியது.