மாகாணிக்குள் ஒரு கழித்தல்
காரைக்காலில் ஆறாம் வகுப்புக்கு 3¼ − 1½ கொடுத்தேன். பலரின் விடை 2¼. காலில் அரை போகாதே என்று, அரையிலிருந்து காலைக் கழித்திருந்தார்கள்.

"மூணே கால் கிலோ மத்தியில் ஒன்றரை கிலோ விற்றால் மீதி?" என்றேன்.

"ஒண்ணே முக்கால், டீச்சர்! ஒரு கிலோவை நாலு காலாக்கினேன்" என்றாள் மீனவர் வீட்டுப் பிள்ளை.

அதையே கரும்பலகையில் எழுதினேன்: 3¼ என்பது 2 முழு, 5/4, 1½ என்பது 1 முழு, 2/4, மீதி 1¾.

பகுதிகளைச் சமமாக்குவது நமக்குப் புதிதல்ல. எண்சுவடியில் முந்திரி 1/320. மாகாணி (1/16) 20 முந்திரி, மா (1/20) 16 முந்திரி. கழித்தால் 4 முந்திரி, அதாவது காணி (1/80). மாவும் காணியும் சேர்ந்ததுதானே மாகாணி!

மூன்றில் ஒன்று வந்தால் முந்திரி உதவாது. 320 மூன்றால் வகுபடாது. மீ.சி.ம.வை அங்கே தொடங்குகிறேன்.