ஆளுநர் உரையில் ஆளுநருடையது எவ்வளவு?

ஆண்டின் முதல் சட்டமன்றக் கூட்டம் தொடங்கிய மறுநாள், ‘ஆளுநர் உரையின் முக்கிய அம்சங்கள்’ என்று நாளிதழ்களில் கட்டம் கட்டி ஒரு செய்தி வரும். குடிநீர், சாலை, மீனவர் நலன், மருத்துவமனை, வேலைவாய்ப்பு என்று வரிசையாக இருக்கும். இதையெல்லாம் ஆளுநர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தார் என்று யாராவது நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. உரையே ‘எனது அரசு’ என்றுதான் பேசுகிறது.

உண்மையில் அந்த உரையில் ஆளுநருடையது குரல் மட்டும்தான். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்குக் குறிப்பு அனுப்பும். தலைமைச் செயலகத்தில் அவற்றைத் தொகுப்பார்கள். அமைச்சரவை ஒப்புதல் தரும். அச்சடித்த பிரதி ஆளுநர் கைக்கு வரும், அவர் ஆங்கிலத்தில் வாசிப்பார். தமிழாக்கத்தைப் பேரவைத் தலைவர் வாசிப்பார். பொதுத் தேர்தலுக்குப் பிந்தைய முதல் கூட்டத்திலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்திலும் ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 176-ஆவது பிரிவு சொல்கிறது. சில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்பது 163-ஆவது பிரிவு. 1974-இல் சம்சேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநில ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஆற்றும் உரை அவருடைய சொந்தக் கொள்கை அறிக்கை. பட்ஜெட்டையும் அவரே முன்வைக்கிறார். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம்தான் பாதி. அங்கே ஆளுநர் செய்வதை இங்கே செய்பவர் முதலமைச்சர்.

செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அரசாணை நகல் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று இருக்கும், கீழே துறைச் செயலாளரின் கையெழுத்து. ஆளுநர் அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். மாநிலத்தின் நிர்வாக நடவடிக்கை எல்லாம் அவர் பெயரில் நடக்க வேண்டும் என்பது 166-ஆவது பிரிவு. கல்யாணப் பத்திரிகை தாத்தா பெயரில் போகும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது அப்பா.

தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகாவிட்டால்? தமிழ்நாடு அதையும் பார்த்துவிட்டது. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அச்சிட்ட உரையிலிருந்து சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் பெயர்கள் இருந்த பகுதியும், ‘திராவிட மாடல்’ என்ற சொல்லும் விடுபட்டவற்றில் இருந்தன. வரைவுக்கு அவர் முன்பே ஒப்புதல் தந்திருந்தார் என்றது அரசு. அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கேயே தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் தேசிய கீதத்துக்கு முன்பே வெளியேறினார். 2024 பிப்ரவரியில் சில வரிகளோடு உரையை முடித்துக்கொண்டார். 2025 ஜனவரி 6 அன்று, தேசிய கீதத்தைத் தொடக்கத்தில் இசைக்கவில்லை என்று சொல்லி, வாசிக்காமலே கிளம்பிவிட்டார். 2026-இலும் வெளிநடப்புதான்.

தொலைக்காட்சிகளுக்கு அது நல்ல தீனி. ஆனால் ஆளுநர் வாசிக்காததால் எந்தத் திட்டமும் நின்றுபோகவில்லை, எந்த ஒதுக்கீடும் குறையவில்லை. அதற்குக் காரணம், அந்த உரையால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாது என்பதே. பணம் வருவது பட்ஜெட்டில். அதற்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வோர் அமைச்சரும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ என்று ஒரு புத்தகம் வைப்பார். என்னைக் கேட்டால், ஆளுநர் உரையைவிட அதைப் படிப்பதே மேல். உரை ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று முடித்துக்கொள்ளும். குறிப்பில் எந்த ஊர், எத்தனை கோடி என்று கிடைக்கும். அதன்பின் அரசாணை, ஒப்பந்தப்புள்ளி, வேலை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வரும் நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையின் குடிநீருக்காக, ஏறத்தாழ 350 கோடி ரூபாயில் அமையும் என்று அறிவித்தது 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட். திட்டத்தை எதிர்க்கும் மீனவர்களும் சூழலியலாளர்களும் கேட்பது, கழிவெளியில் உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் இடத்தை மறித்தால் அங்கே இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதை. நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் கிண்டியில் உள்ள ஆளுநர் மாளிகை அல்ல. திட்டம் நீர்வளத் துறையுடையது. தண்ணீரும் நிலமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் வருபவை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஒன்றிய அரசுடையவை. தவறும் சரியும் இந்த இரண்டு இடங்களில்தான் தீர்மானமாகின்றன.

இந்தக் கடற்கரையே அதிகாரப் பங்கீட்டுக்கு நல்ல பாடம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஒன்றிய அரசின் தொல்லியல் துறை வசம். தெற்கே கல்பாக்கம் அணுசக்தித் துறையிடம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மாநிலத்தின் குடிநீர் வாரியத்துடையவை. 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை ஒன்றும், 2024-இல் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் திறக்கப்பட்டன. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில், அதற்கு அப்பால் ஒன்றியத்தின் கையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பை 2023-இல் முதல்வர் வெளியிட்டார். கரை அரிப்புக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்றால் மீன்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும்தான் மனு. பட்டியலில் எங்குமே ஆளுநர் இல்லை.

அப்படியானால் அவருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வேலை இருக்கும் இடத்தில் அது கனமான வேலை.

முதலாவது, மசோதா. சட்டமன்றம் நிறைவேற்றியது ஆளுநர் கையெழுத்திட்டால்தான் சட்டம். 200-ஆவது பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்கலாம். ஆன்லைன் ரம்மித் தடையில் இது எப்படி ஓடியது என்று பாருங்கள். 2022 அக்டோபர் முதல் வாரத்தில் அவசரச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அதே நோக்கத்தில் அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா அவரிடம் போய்ச் சேர்ந்தது. நாட்கள் ஓட, நவம்பரில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. கொள்கை அமைச்சரவையுடையது, காலம் ஆளுநருடையது. அந்த நான்கைந்து மாதங்களில் ஆன்லைன் ரம்மித் தடை என்று மாநிலத்தில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

இதே போன்ற தாமதம்தான் கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. காலக்கெடுவும் விதித்தது. ஆளுநர், குடியரசுத் தலைவர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் அவை அரசிதழில் வந்தன. பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன கருத்து ஏப்ரல் தீர்ப்பின் வேகத்தைக் குறைத்தது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது’ என்பதும் கூடாது. ஆனால் காரணமே சொல்லாமல் முடிவின்றி மசோதாவை வைத்திருந்தால் நீதிமன்றம் வரம்புக்குட்பட்டுத் தலையிடலாம். ‘முடிவின்றி’ என்றால் எத்தனை மாதம் என்பதை அந்தக் கருத்து சொல்லவில்லை. அடுத்த வழக்கு அங்கிருந்துதான் கிளம்பும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, பல்கலைக்கழகம். இங்கே செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மாதிரிகளைப் பார்க்கலாம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநர். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் உளி பிடிக்கும் மாணவர் சேர்ந்திருப்பதோ, டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு வேந்தர் முதலமைச்சர். அ.தி.மு.க. ஆட்சி எழுதிய அந்த ஏற்பாட்டைத் தி.மு.க. ஆட்சி மறுபேச்சில்லாமல் வைத்துக்கொண்டது. ஆளுநர் விஷயத்தில் இரு கட்சிகளும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. மற்றப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நியமனத்தை அரசிடம் கொண்டுவரும் மசோதாக்கள்தான் அந்தப் பத்தில் பெரும்பாலானவை. அரசிதழில் வந்த அடுத்த மாதமே, 2025 மே 21 அன்று, அந்த நியமனத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சிக்கல் எழவே வழியில்லை. 2023 நவம்பரில் பி. சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டத்தை மேடையில் கொடுத்தவர் வேந்தர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின்.