காய்ச்சல் வேடத்தில் வரும் தைராய்டு புயல்

103 டிகிரி காய்ச்சல், நிமிடத்துக்கு 132 நாடித்துடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கூடவே சம்பந்தமில்லாத உளறல். இப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் டெங்குவா, டைஃபாய்டா, மூளைக்காய்ச்சலா என்றுதான் முதலில் யோசனை ஓடும். கழுத்தின் முன்புறம் வீங்கியிருப்பதையோ கண்கள் பிதுங்கியிருப்பதையோ யாராவது கவனித்தால்தான், ‘தைராய்டு புயல்’ என்ற சந்தேகமே எழும்.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பவர்களுக்கு, குறிப்பாக ‘கிரேவ்ஸ்’ நோய் உள்ளவர்களுக்கு வரும் ஆபத்து இது. நோய்த்தொற்று, அறுவை சிகிச்சை, பிரசவம், ஸ்கேனுக்காக ஏற்றும் அயோடின் மருந்து என்று ஏதாவது ஒன்று அதைக் கிளப்பிவிடும். ‘உடம்புதான் தேறிவிட்டதே’ என்று தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தானாகவே நிறுத்துவதும் அப்படித்தான். அபூர்வமாகத்தான் வரும், வந்தால், சிகிச்சை கிடைத்தும் சுமார் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

ரத்தப் பரிசோதனை மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. சாதாரணமாகத் தைராய்டு கூடியவருக்கும் புயலில் சிக்கியவருக்கும் ஹார்மோன் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். அதனால் 1993இல் பர்ச், வார்ட்டோஃப்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறையை வகுத்தார்கள். மேலே சொன்ன நோயாளிக்குக் காய்ச்சலுக்கு 25, நாடிக்கு 20, வயிற்றுப்போக்குக்கு 10, உளறலுக்கு 20; ஆக 75. 45ஐத் தொட்டாலே புயல் என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். புது ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் புரோபைல்தயோயூராசில் முதலில். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் அயோடின். அயோடின் அதிக அளவில் போனால், சுரப்பியில் சேர்ந்துள்ள ஹார்மோன் வெளியேறுவது நிற்கும். ஆனால் ஹார்மோன் தயாராவதே அயோடினில் இருந்துதான் என்பதால், முந்திக்கொண்டு கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகு வைத்தது போலாகிவிடும். இதயப் படபடப்பை அடக்க புரோப்ரனலால், துணைக்கு ஹைட்ரோகார்டிசோன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான், ஆஸ்பிரின் கூடாது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனை அது பிரித்துவிட்டுவிடும்.

கார்பிமசோல் சாப்பிடுபவர்கள் ஸ்கேனுக்கோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு தொண்டை வலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து வெள்ளையணுக்களைச் சோதிக்க வேண்டும். அபூர்வமாக அந்த மாத்திரை அவற்றை அபாயகரமாகக் குறைத்துவிடுவதுண்டு.