விளக்கமா, விலக்கமா?

ஆலைச் சங்கக் கூட்டத்தில், எதிர்த்துப் பேசுவோரை வெளியே தள்ளிக் கதவடைத்துவிட்டுத் தீர்மானம் போட்டால், நீங்கள் ஒப்புவீர்களா?

2023 டிசம்பர் 13. டில்லி மக்களவைக்குள் இருவர் குதித்தனர், புகை கிளம்பிற்று. உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டுமென எதிர்க்கட்சியினர் கேட்டனர். விளக்கம் கேட்டவருக்குக் கிடைத்தது விலக்கம்! அக்கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கம்!

1860-இல் பிறந்த தண்டனைச் சட்டத்தையே மாற்றும் முன்வடிவு உள்ளிட்ட மூன்று குற்றவியல் முன்வடிவுகள் அடுத்த வாரமே நிறைவேறின. குறுக்குக் கேள்வி கேட்கவேண்டியோர் பலர் வாயிற்படியில்!

மக்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. வாக்கெடுப்பில் வெற்றி உறுதி. பின் ஏன் அச்சம்? எண்ணிக்கை, வாக்கில் வெல்லத் தந்த வலிமை. வாயைப் பூட்டத் தந்த பூட்டல்ல. நாம் பெரும்பான்மை பெறும் அவையிலும் அளவுகோல் இதுவே!