வீட்டிற் செய்த விரியலாக்கி வலுக் குன்றுவதேன்?

மலையகத் தோட்டங்களிலே மாரியம்மன் திருவிழாவாயினும் காமன் கூத்தாயினும் ஒலிபெருக்கி இன்றி இன்று நடைபெறுவதில்லை. அட்டனிலோ நுவரெலியாவிலோ வாடகைக்குக் கருவி எடுக்கப் பணம் போதாதவிடத்து, தோட்டத்து இளைஞர் தாமே விரியலாக்கி அமைக்க முற்படுகின்றனர். வழக்கில் அம்பிளிபயர் என்பது இதுவே. இத்தகைய முயற்சி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1923 இல் எட்வேட் ஹாப்பர் கொழும்புத் தந்தி அலுவலகத்திற் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தியபோது, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே தம் கருவியை அமைத்தார் என்பர். ஆயின், அரும்பாடுபட்டுச் செய்த கருவி திருவிழா இரவிலே முனகினால் யாது செய்வது?

முதற்கண் செவியை நம்புதல் தகாது. வலு பாதியாகக் குறைந்தாலும் ஒலி 3 டெசிபலே குறையும். கேட்போர் அதனை அரிதாகவே உணர்வர். ஒலி இருமடங்காகத் தோன்ற வலு ஏறத்தாழப் பத்துமடங்காதல் வேண்டும். எனவே, 12 வாற்று எதிர்பார்த்த இடத்தில் 8 வாற்று வருவதைச் செவி கண்டுபிடியாது. ஒலி மிக மெலிந்து கேட்குமாயின் குற்றம் பெரிதென்றே கொள்ளல் வேண்டும். பெட்டிகளில் அச்சிடப்படும் ஆயிரம் வாற்றுக் கணக்குகளை நாம் பொருட்படுத்துவதில்லை.

அளவிடும் முறை எளிது. ஒலிபெருக்கியை நீக்கி, அதனிடத்தில் 8 ஓம் கொண்ட பருமனான கம்பிச்சுருள் தடையை இணைக்க. கைத்தொலைபேசியிலிருந்து 200 ஏட்சு அளவான ஒரே சுரத்தை உட்செலுத்தி, தடையின் இருமுனைகளிலும் பல்மானியால் ஆடலோட்ட வோற்றளவை அறிக. வோற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வலு வரும். 8 வோற்று எனில் 64 ஐ 8 ஆல் வகுக்க, 8 வாற்று. டிடிஏ 2030 என்னும் சில்லைக் கொண்டு பலர் அமைக்கும் விரியலாக்கி, கூட்டல் கழித்தல் 14 வோற்று வழங்கலில், 8 ஓமுக்கு உறுதியாகத் தருவதும் அவ்வளவே.

அளவு குறைவாயின், சுரம் ஒலிக்கும்போதே வழங்கல் வோற்றளவையும் பார்க்க வேண்டும். அது பெரிதும் சரியுமாயின் நிலைமாற்றி சிறிது, அல்லது வடிகட்டும் கொள்ளளவி உலர்ந்துவிட்டது, அல்லது இருவாயி ஒன்று பழுது. கடைசி வீட்டுக்கு நீளும் கம்பியில் 230 வோற்று 190 ஆகத் தாழுமாயின், வலு வர்க்க விதிப்படி மூன்றிலொரு பங்கு போய்விடும். இம்மலைகளின் ஆற்றுநீரால் லக்ஷபானா மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியும் லயங்கள் பலவற்றுக்கு மின்னொளி வரப் பல்லாண்டு சென்றமை வேறு கதை. வெப்பத்தட்டு சிறிதாயினும் சில்லு சூடேறித் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். நுவரெலியாக் குளிர் அதனைக் காக்காது.

வழங்கல் சரியாகவும், ஒலி தெளிவாகவும், ஆனால் மெலிதாகவும் இருப்பின், உள்ளே வருவது போதவில்லை என்க. மேற்சொன்ன சுற்று வழக்கமாக 33 மடங்கே பெருக்கும். ஒலிவாங்கி தருவது 5 மில்லிவோற்று எனின் வெளிவருவது 0.165 வோற்று, அஃது ஒரு வாற்றின் முந்நூற்றிலொரு பங்குதான். முன்விரியலாக்கி இன்றிப் பூசகர் குரல் வெளியே வாராது.

இனி, தோட்டங்களுக்கே உரிய குற்றத்துக்கு வருவோம். கோயில் மேட்டிலும் கருவி கீழே பள்ளியறையிலும் இருக்கும். நடுவே 100 மீற்றர் தூரம், அரைச் சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பி. போக்குவரவு இரண்டுஞ் சேர்ந்து அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியை அதன் முனையில் மாட்டினால், கம்பியின்றி அது பெற்றிருக்கக்கூடிய வலுவில் பத்தில் மூன்று பங்கே அதனை அடையும். சுற்றைப் பிரித்துச் சில்லை மாற்றுவதாற் பயனில்லை.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. நகரத்திலிருந்து வாங்கிவரும் கூம்புக் குழாய்கள் பலவற்றினுள்ளே 100 வோற்று லைன் நிலைமாற்றி அடங்கியிருக்கும். 10 வாற்று என்று குறித்த முனை உண்மையில் 1000 ஓம் ஆகும். நம் 8 வோற்றை அதில் நேரே கொடுத்தால், உட்புகுவது 0.064 வாற்று மட்டுமே! கருவி நன்று, குழாயும் நன்று, இணைப்பே பிழை. குழாய் அருகிலிருப்பின் அந்நிலைமாற்றியை விலக்கி உட்கருவியை நேரே இணைக்கலாம். தொலைவிலிருப்பின் கருவியின் பக்கத்தில் 8 வோற்றை 100 ஆக உயர்த்தும் லைன் நிலைமாற்றி ஒன்றைச் சேர்த்தல் நன்று. அப்போது மின்னோட்டம் பத்திலொரு அம்பியருக்கும் குறைவாதலின், அதே மெல்லிய கம்பியிலும் இழப்பு புறக்கணிக்கத்தக்கது. குழாய்களின் வாற்றுக் கூட்டுத்தொகை கருவியின் வாற்றை மிஞ்சலாகாது. 8 வாற்றுக் கருவிக்கு 5 வாற்று முனையைத் தெரிந்துகொள்க. 100 வோற்று கைபட்டால் அதிரும். பனிமூட்டத்தில் நனையும் கம்பியைச் சிறுவர் கைக்கெட்டாத உயரத்திற் கட்டி, மூட்டுக்களை நாடாவினால் இறுகச் சுற்றுதல் வேண்டும்.